உப்புத்தாளா, எமரி துணியா? தாத்தா நாற்காலியோடு மல்லுக்கட்டுகிறேன்

பாகான்வாசி

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். நான் ஆபீஸ் வேலைக்காரன், தச்சு வேலை பழக்கமில்லை, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய சாய்வு நாற்காலி ஒன்று வீட்டில் இருக்கிறது. கை வைக்கும் பலகை நீளமாக இருக்கும், அதற்கு அடியில் இன்னொரு பலகை மடங்கி இருக்கும், அதை வெளியே சுழற்றிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம், பழைய ஆட்களுக்குத் தெரியும். பிரம்புப் பின்னல் போய்விட்டது. மரத்தின் மேல் யாரோ பச்சை பெயின்ட் அடித்து, அதற்கு மேல் இன்னொரு புண்ணியவான் பிரவுன் அடித்து வைத்திருக்கிறார். தீபாவளிக்குள் இதைச் சுத்தம் செய்து வார்னிஷ் போடுவதாக அம்மாவிடம் வாய் விட்டுவிட்டேன்.

80, 120, 240 என்று கலந்து இருபது உப்புத்தாள் வாங்கினேன். சமையலறைப் பின்னால் வாஷிங் மெஷின் பக்கத்தில் தட்டில் வைத்திருந்தேன், இரண்டு வாரம் கழித்து எடுத்தால் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. தட்டையான இடத்தில் தேய்த்தால் நாலு இழுப்பில் பெயின்ட் அடைத்துக்கொள்கிறது. நாற்காலிக் கால்கள் கடைசல் பிடித்தவை, அதில் வளைத்துத் தேய்த்தால் மடிப்பில் கிழிகிறது.

மறுபடியும் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். தவுக்கே சிரித்துவிட்டு, காகிதம் ஒருமுறை போட்டு வீசுவதற்கு, துணி வாங்கு, அதாவது காகிதத்துக்குப் பதிலாகத் துணியில் மணல் ஒட்டிய எமரி துணி மாதிரிச் சரக்கு, அதுதான் நல்லது என்றார். காகிதம் தாள் ஒன்று 1 வெள்ளி 20 காசு, துணி 3 வெள்ளி 80 காசு. அங்கேதான் யோசனை. ஏனென்றால் அதற்கு முந்தின நாள் மச்சானிடம் பெல்ட் சேண்டர், அதாவது உப்புத்தாள் பட்டை வளையமாகச் சுற்றித் தேய்க்கும் மெஷின், இரவல் வாங்கி ஓட்டினேன், அதில் இருந்தது துணி பெல்ட், சுவிட்சை அழுத்தி அரை நிமிடம் கூட ஆகவில்லை, ஒட்டின இடத்தில் பட்டென்று விட்டுப் போய் காற்றில் பறந்து பூந்தொட்டியில் விழுந்தது. துணியும் அறுகிறதே?

அதனால் நேராகவே கேட்கிறேன். இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? மூன்று மடங்கு விலைக்குத் துணி தகுமா? துணியில் 120, காகிதத்தில் 120 என்றால் இரண்டும் ஒன்றுதானா?

சும்மா வந்தவன்

துணி வாங்குங்க பாஸ். முடிஞ்சுது.

கெப்போங் தச்சர்

மேலே உள்ள தம்பி சொன்ன மாதிரி முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

பாகான் தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. துணி கிழியாது, உண்மை. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது முதுகுக்கா (அடியில் இருக்கும் காகிதம் அல்லது துணி), மேலே ஒட்டியிருக்கும் மணலுக்கா? நான் கெப்போங்கில் 22 வருடமாகக் கதவு, அலமாரி, கிச்சன் கேபினட் செய்கிறேன். மரத்தில், தட்டையான இடத்தில், தக்கைக் கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ சுற்றித் தேய்க்கும்போது, காகிதம் கிழிந்ததால் நான் தூக்கிப் போட்ட தாள் ரொம்பக் குறைவு. அதற்கு முன்னாலேயே மணல் மழுங்கிவிடும், இல்லையென்றால் மரத்தூளும் பெயின்டும் அடைத்துவிடும். அப்புறம் முதுகு இன்னும் ஒரு வருடம் தாங்கினால் உங்களுக்கு என்ன லாபம்? செத்த மணலைச் சுமந்துகொண்டிருக்கும் துணிக்கு மூன்று மடங்கு விலை கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

எனவே எந்த வேலையானாலும் எது முதலில் சாகிறது என்று பாருங்கள். மணல் முதலில் செத்தால் காகிதம் போதும். மணல் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும்போதே முதுகு கிழிகிறதென்றால் துணிக்குப் போங்கள். உங்கள் நாற்காலியில் இரண்டும் நடக்கிறது. கைப்பலகையில் அடைத்துக்கொள்கிறது, அது முதுகின் குற்றம் இல்லை. கடைசல் காலில் கிழிகிறது, அது முதுகின் குற்றம்.

(பேர்தான் மலாயில் கெர்த்தாஸ் பாசிர், தமிழில் மணல்தாள் எல்லாம். உள்ளே மணல் கிடையாது. நாம் மரத்துக்கு வாங்குவதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளில் சிலிக்கன் கார்பைடு. நானும் பழக்கத்தில் மணல் என்றே எழுதுகிறேன்.)

இனி நம்பர். நம்பர் ஏற ஏற மணல் நைசு. முதுகில் நம்பருக்கு முன்னால் 'பி' என்று அச்சடித்திருந்தால், பி120 காகிதமானாலும் துணியானாலும் மணலின் பருமன் ஒன்றுதான், சராசரி 125 மைக்ரான். பி240 என்றால் 58 மைக்ரான் சொச்சம். 'பி' இல்லாத சரக்கு சில சமயம் அமெரிக்கக் கணக்கில் இருக்கும். முரட்டு நம்பர்களில் பெரிய வித்தியாசம் இல்லை, நைசாகப் போகப் போக இரண்டு கணக்கும் விலகிப்போகும், அமெரிக்க 400 கிட்டத்தட்ட பி800க்குச் சமம். மரத்துக்கு அந்தக் கவலை வேண்டாம், அவ்வளவு தூரம் நீங்கள் போகப்போவதில்லை.

ஆனால் மணல் ஒன்றாக இருந்தாலும் மரத்தில் விழும் கீறல் ஒன்றாக இருக்காது. துணி என்றால் நூல், நூல் என்றால் மேடு பள்ளம். பசை போட்டு நிரப்பினாலும் நெசவு நெசவுதான். காகிதம் வழவழப்பானது, அதில் மணல் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும், கீறலும் ஒரே ஆழத்தில் விழும். துணியில் இங்கொன்று அங்கொன்று தலை தூக்கி நிற்கும், அந்தக் கீறல் வார்னிஷ் போட்ட பிறகு வெளிச்சத்தில் தெரியும். வார்னிஷுக்கு முன்னால் கடைசி இரண்டு நம்பரும் தட்டையான இடத்தில் காகிதமாகவே இருக்கட்டும்.

முதுகைத் திருப்பிப் பாருங்கள், நம்பரோடு ஒரு எழுத்தும் இருக்கலாம். காகிதத்தில் ஏ என்றால் மிக மெல்லியது, சதுர மீட்டருக்கு 85 கிராமுக்குள். சி, டி இரண்டும் கையால் கட்டையில் சுற்றித் தேய்க்க. இ, எஃப் தடித்தவை, எஃப் 270 கிராமுக்கு மேல் போகும், அவை மெஷினுக்கு. ஃபேக்டரியில் அகலப் பெல்ட் ஓடும் மெஷின்களில் பிளைவுட் பலகையைச் சமன் செய்வதற்குக் காகிதப் பெல்ட்தான் நிறையப் போகிறது, காகிதம் குப்பை என்றால் அங்கே ஏன் போடுகிறார்கள்? துணியில் ஜே என்றால் மெலிசு, நன்றாக வளையும். எக்ஸ் தடிப்பு. ஒய் அதைவிட முரடு, பெரும்பாலும் பாலியெஸ்டர், நமக்கு வேண்டாம். தவுக்கேயிடம் துணி என்று பொதுவாகக் கேட்டால் எக்ஸை எடுத்துக் கொடுப்பார், அது உங்கள் நாற்காலிக் கால் வளைவுக்குள் இறங்காது. ஜே என்று கேளுங்கள்.

அடைப்புக்கு ஒரு வார்த்தை. இரண்டு கோட் பெயின்டை உப்புத்தாளால் எடுப்பது குளத்தைக் கரண்டியால் இறைப்பது மாதிரி. முதலில் பெயின்ட் ரிமூவர், அப்புறம் ஸ்கிராப்பர், மிச்சத்துக்குத்தான் தாள். வாங்கும்போது மணல் நெருக்கம் குறைந்த தாள், இல்லையென்றால் மேலே வெள்ளையாகச் சோப்புப் பூச்சு மாதிரி இருக்கும் தாள் கிடைத்தால் அதை எடுங்கள், தூள் ஒட்டாமல் உதிரும். 80க்கு அப்புறம் 120, அப்புறம் 180. நேராக 240க்குத் தாவாதீர்கள், 80 போட்ட கீறலை 240 எடுக்காது, மினுக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

செந்தூல் பிட்டர்

தச்சர் தம்பி மரத்தை வைத்தே உலகத்தை அளக்கிறார். நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு எமரி துணி இல்லாமல் வேலையே நடக்காது. காகிதத்தை இரும்பில் போட்டுப் பாருங்கள், ஒரு போல்ட்டைச் சுற்றி இழுப்பதற்குள் கந்தல்.

நாற்காலியில் இரும்பு இருக்குமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கைப்பலகை சுழல்வதற்கு ஒரு போல்ட், வாஷர், சில நாற்காலிகளில் பித்தளைத் தகடு. துருவை எடுக்க எமரி துணிதான். தாளாக வைத்துத் தேய்க்க வேண்டாம். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் கையால் இழுத்தால் நூல் போன வழியில் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும். விரல் அகலத்துக்குப் பட்டை எடுத்து, போல்ட்டை வைஸில் கவ்வி, பட்டையை மேலே போட்டு இரண்டு நுனியையும் பிடித்து மாறி மாறி இழுங்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவன் துணி இழுப்பானே அப்படி. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் வெட்டும் நைசாக இருக்கும், தூளும் பறக்காது. அதே வேலையைக் காகிதத்தில் செய்ய முடியாது, செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் செந்தூலுக்கு வந்து செய்து காட்டட்டும், டீ நான் வாங்கித் தருகிறேன்.

எமரி என்பது ஒரு கல்லின் பேர். கருமையாக, கனமாக இருக்கும், கிரீஸ் நாட்டில் நாக்ஸோஸ் தீவில் இருந்து எடுத்தது பேர் போனது. இப்போது கடையில் எமரி என்று விற்பதில் முக்கால்வாசி அலுமினியம் ஆக்சைடுதான், பழைய பேர் ஒட்டிக்கொண்டது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரும்பில் தேய்த்த துண்டைப் பித்தளையில் போடாதீர்கள். இரும்புத் துகள் போய்ப் பதிந்துகொள்ளும், அப்புறம் பித்தளையில் துருப்புள்ளி வந்துவிட்டது என்று இங்கே வந்து கேட்பீர்கள். பித்தளைக்குத் தனித் துண்டு.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. யாராவது இந்த வேலையை மெஷினில் செய்ய நினைத்து, டிரில்லிலோ லேத்திலோ தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது, எமரி பட்டையை விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. தண்டைச் சுற்றி முழு வளையமாகவும் போடக்கூடாது. காகிதம் என்றால் மாட்டினால் கிழிந்துவிடும், தப்பித்தோம். துணி கிழியாது, கையை உள்ளே இழுக்கும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் பாதி இல்லை, அது எப்படிப் போனது என்று எங்களிடம் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே காட்டிவிடுவோம். துணியை ஒரு அரத்துக்கோ பலகைக்கோ அடியில் வைத்து மேலிருந்து அழுத்துங்கள், விரல் வேண்டாம்.

கெப்போங் தச்சர்

ஐயா சொன்ன கடைசி விஷயத்தை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். எங்கள் பக்கத்தில் மரக் கடைசல் பிடிக்கிற ஆட்களும் இதே காரணத்துக்காக ஓடும் மெஷினில் காகிதம்தான் பிடிப்பார்கள், துணியை எடுத்தாலும் சின்னத் துண்டாக விட்டுப் பிடிப்பார்கள்.

டீ எனக்குத்தான் ஐயா. காகிதத்திலும் பட்டை இழுக்கலாம். முதுகில் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டு, டேப்போடு சேர்த்துப் பட்டையாக வெட்டினால் மரக் காலில் ஒரு சுற்று வேலை தாங்கும். இரும்பில் தாங்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

செந்தூல் பிட்டர்

டேப் ஒட்டி, வெட்டி, ஒரு சுற்று. அதற்குத் துணியே வாங்கிவிடலாம். அரை டீ.

பெராய் ஸ்பிரே

அண்ணன்மார் இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், தண்ணீர். காகிதம் என்றாலே ஈரத்தில் ஊறிப்போகும் என்று நினைக்கிறோம், நான் தினமும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது காகிதம்தான். பெராயில் கார் பெயின்ட் அடிக்கிற வேலை எனக்கு. அந்தக் கறுப்புத் தாள், முதுகில் ரப்பர்ப் பால் மாதிரிப் பசை ஏற்றின காகிதம், மேலே சிலிக்கன் கார்பைடு. அமெரிக்காவில் 3எம் கம்பெனி 1921ல் இதை விற்க ஆரம்பித்ததே கார் பெயின்ட் தூள் காற்றில் பறக்காமல் இருக்கத்தான்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்த்தால் அடைப்பே வராது, தூளைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். பிரைமருக்கு 400, 600. கிளியர் கோட்டில் தூசி விழுந்தால் 1500, 2000 போட்டு அப்புறம் பாலிஷ். இந்த நைஸ் நம்பர்களில் துணி வைத்துத் தேய்த்தால் கார் பானெட்டில் நெசவே அச்சு விழும் போல இருக்கும். எனக்குத் துணி வேண்டியது துருப்பிடித்த பிராக்கெட்டுக்கும் பழைய பைக் சட்டத்தின் குழாய்க்கும் மட்டும்.

பாகான் அண்ணே, உங்கள் கேள்வியில் எனக்குப் பயமாக இருந்தது அந்தப் பச்சை பெயின்ட். தாத்தா காலத்து எண்ணெய் பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் படியும், குழந்தைகள் இருந்தால் ரொம்ப மோசம். சமையலறைப் பக்கம் வைத்துத் தேய்த்தீர்களா? இனிமேல் வெளியே கொண்டுபோய், கீழே பிளாஸ்டிக் விரித்து, சாதாரணத் துணி மாஸ்க் இல்லாமல் என்95 போட்டு, ஈரமாக வைத்தே சுரண்டுங்கள். தீ காட்டி உரிக்கிற வேலையும் வேண்டாம். துடைத்த துணி, சுரண்டிய பெயின்ட் எல்லாம் ஒரு பையில் கட்டி ஓரமாக வையுங்கள், வாசலில் கூட்டித் தள்ளாதீர்கள்.

கெப்போங் தச்சர்

நல்ல வேளை சொன்னீர்கள், நான் இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பெயின்டைத் தாண்டி வெறும் மரம் தெரிய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். ஈரம் பட்டால் மரத்தின் நார் எழுந்து பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாகும். அப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், நன்றாகக் காயவிட்டு நைஸ் தாளால் லேசாக ஒரு தடவு தடவினால் போய்விடும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

பினாங்கில் இருந்துகொண்டு தாள் சுருள்கிறது என்று வருத்தப்பட்டால் எப்படித் தம்பி, நம் ஊர்க் காற்று அப்படி. பள்ளியில் மாணவர்களுக்குக் கைவினைப் பாடம் நடத்தியபோது வருடத் தொடக்கத்தில் வாங்கிய தாள் எல்லாம் மழைக்காலத்தில் குழலாகச் சுருண்டு நிற்கும். மாணவன் ஒருவன் அதைக் கண்ணில் வைத்துத் தொலைநோக்கி விளையாடுவான்.

காரணம் எளிது. காகிதம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து விரிகிறது. மணலைப் பிடித்திருக்கும் பசைப் பக்கம் அந்த அளவு விரிவதில்லை. முதுகு நீண்டு முகம் நீளாவிட்டால் முகம் இருக்கும் பக்கமாகத்தான் வளைய வேண்டும், அதனால்தான் மணல் உள்ளே போகிற மாதிரி சுருள்கிறது. ஏசி அறையில் ரொம்பக் காய்ந்துபோனால் எதிர்ப்பக்கமாக வளையும். தயாரிப்பவர்கள் வைத்திருக்கச் சொல்லும் இடம் 20 டிகிரி சொச்சம் வெப்பம், ஈரப்பதம் 45 முதல் 65 சதவீதம் வரை. நம் வீட்டில் வாஷிங் மெஷின் பக்கம் அதற்கு எங்கே போவது! துணி இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி, சுருளாமல் கிடக்கும், ஆனால் அதில் உள்ள பசைக்கும் காலம் உண்டு.

நான் செய்வது இதுதான். மூடி இறுக்கமான பிஸ்கட் டப்பா, அதில் தாள்களைத் தட்டையாக அடுக்கி மேலே கனமான பலகை, உள்ளே மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பைகள் நாலைந்து. சிமென்ட் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஏற்கெனவே சுருண்டதை எதிர்ப்பக்கமாக மடக்கி உடைக்காதீர்கள். முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக இழுங்கள், இரண்டு திசையிலும், வழிக்கு வரும். மணல் உதிர்கிறது என்றால் மட்டும் எறிந்துவிடுங்கள், அது பசை போன சரக்கு. எலும்புப் பசை போட்ட மலிவுத் தாள்களில் இது சீக்கிரம் நடக்கும், ஈரத்திலும் சூட்டிலும் அந்தப் பசை இளகிவிடும். ரெசின் பசை என்றால் இவ்வளவு மோசம் இல்லை.

உங்கள் மச்சானின் பெல்ட் எத்தனை வருடமாக மெஷினில் மாட்டியபடியே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அறுந்தது துணியா, ஒட்டு விட்டதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒட்டு விட்டிருக்கிறது. பழைய பெல்ட்டில் முதலில் போவது அந்த ஒட்டுதான், நெசவு அப்படியே இருக்கும். இன்னொரு காரணமும் இருக்கலாம், பெல்ட்டின் உள்பக்கம் ஒரு அம்புக்குறி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய பெல்ட்டை அம்புக்கு எதிராக மாட்டினால், ஒட்டின விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் இடறி, கடைசியில் பிரிந்துகொள்ளும். நுனியும் நுனியும் சேர்த்து அடியில் டேப் போட்ட பெல்ட் என்றால் எந்தப் பக்கமும் ஓடும். பெல்ட்டை ஆணியில் மாட்டி வைக்காமல் தடித்த பிவிசி குழாயில் தொங்கவிட்டால் மடிப்பு விழாது.

பாகான்வாசி

டீச்சர், கேட்டேன். பெல்ட் மச்சான் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அக்கா மகன் இப்போது மூன்றாம் படிவம் படிக்கிறான். அம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்கப் பூந்தொட்டியில் இருந்து எடுத்தேன், சரியான பக்கம்தான் மாட்டியிருக்கிறார், வயதுதான் காரணம்.

பெராய் அண்ணன் எழுதியதைப் படித்ததும் சமையலறைப் பக்கம் முழுக்க ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன், நாற்காலியைப் போர்ச்சுக்குக் கொண்டுபோய்விட்டேன். பெல்ட் சேண்டரைத் திருப்பிக் கொடுக்கவா, புது பெல்ட் வாங்கவா?

கெப்போங் தச்சர்

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைப்பலகை அகலம் ஒரு ஜாண் கூட இருக்காது, அதில் பெல்ட் சேண்டரை வைத்தால் ஒரு ஓரம் தானாகச் சரியும், ஒரு நொடியில் பள்ளம் விழும், அதை எடுக்க மீதி நாற்காலி முழுக்க இறக்க வேண்டியிருக்கும். கை இருக்கிறது, கட்டை இருக்கிறது, போதும்.

வாங்க வேண்டியது: துணியில் ஜே, 120ல் ஒரே ஒரு தாள், கால்களுக்கு. ஐயாவின் போல்ட்டுக்கு எமரி அரைத் தாள். மீதி எல்லாம் காகிதம், உங்களிடம் இருக்கிற இருபதில் பாதி தேறும்.

பாகான்வாசி

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ரிமூவர் பூசி, சுரண்டி, பச்சை போவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடியில் தெரிந்த மரம் சிவந்த பழுப்பு, கனமோ கனம். கால்களுக்கு ஜே துணியை விரல் அகலம் கிழித்து இழுத்தேன், ஐயா சொன்ன மாதிரி நேராகத்தான் கிழிந்தது, நாலு காலுக்கும் மூன்று பட்டை போதுமாக இருந்தது. கடைசலின் பள்ளங்களுக்குள்ளே பட்டையை முறுக்கிக் கயிறாக்கி இழுத்தேன், நன்றாக இறங்கியது. கடைசியாகத் தச்சர் சொன்ன டேப் ஒட்டிய காகிதப் பட்டை 180ல். இரண்டும் தேவைப்பட்டது, சண்டை வேண்டாம்.

தப்பும் ஒன்று செய்தேன். துணி இவ்வளவு சுகமாக வேலை செய்கிறதே என்று மிச்சமிருந்த ஜேயை எடுத்து, கட்டை இல்லாமல் விரலால் அழுத்தியே வலது கைப்பலகையைத் தேய்த்துவிட்டேன். கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. முதல் கோட் வார்னிஷ் போட்டு மாலை வெயில் சாய்வாக விழுந்ததும் பார்க்கிறேன், விரல் போன வழியெல்லாம் அலை அலையாக, அதற்கு நடுவே நாலைந்து ஆழமான கீறல். இடது பலகை, கட்டையில் காகிதம் சுற்றித் தேய்த்தது, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வருகிறவர்களுக்கு இடது பக்கத்தைத்தான் காட்டுகிறார்.

வலது பலகையைத் திரும்ப 120ல் ஆரம்பிக்க வேண்டுமா, 180 போதுமா?

கெப்போங் தச்சர்

அலை இருந்தால் 120, கட்டையில், மர ஓட்டத்தோடு. வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் மறுபடியும் அடைக்கும். பென்சிலால் பலகை முழுக்க லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்க்கத் தொடங்குங்கள். மேடுகளில் கிறுக்கல் முதலில் போகும், பள்ளத்தில் நிற்கும், எல்லாக் கிறுக்கலும் போனால் சமனாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் 180.

செந்தூல் பிட்டர்

விரலால் அழுத்தினால் எந்த முதுகும் அலை போடும், துணியின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். மெலிசான துணி விரலின் வடிவத்தை அப்படியே கீழே கடத்தும், அதற்காகத்தானே அதைக் காலுக்கு வாங்கினீர்கள்.

போல்ட் என்ன ஆனது, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?

பாகான்வாசி

பளபளவென்று இருக்கிறது ஐயா. எண்ணெய் விட்டு இழுத்தேன், பித்தளை வாஷருக்குத் தனித் துண்டு. ஆனால் மாட்டும்போது ஒரு வாஷர் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது, இப்போது இடது பலகை சுழலும்போது கிறீச் என்கிறது.

செந்தூல் பிட்டர்

பழைய வாஷரின் ஓட்டை அளவைக் காலிப்பரில் பார்த்து அனுப்புங்கள். என்னிடம் ஒரு மைலோ டப்பா நிறையப் பித்தளை வாஷர் கிடக்கிறது, தபாலில் போடுகிறேன்.